மருந்துக்கடைச் செயலி: பேட்ச்சிலிருந்து தொடங்குங்கள்

மருந்துக்கடைக்கு வலைச் செயலி எழுத உட்காரும் பலரும் மருந்தின் பெயர், விலை, இருப்பு என்று மூன்று பத்தி கொண்ட அட்டவணையோடு தொடங்குகிறார்கள். கடைக்குள் போனதும் அது சிக்கிக்கொள்ளும். ஒரே மருந்து மூன்று பேட்ச்சாக அலமாரியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காலாவதி வேறு, எம்.ஆர்.பி.யும் வேறாக இருக்கலாம். அதனால் மருந்துக்கு ஒரு அட்டவணை, பேட்ச்சுக்கு இன்னொன்று என்று பிரித்து, இருப்பை பேட்ச்சோடு சேருங்கள். பில் போடும்போது எது முன்னதாகக் காலாவதியாகுமோ அது முதலில் வெளியேற வேண்டும்.

அட்டையில் 06/2027 என்றுதான் அச்சிட்டிருக்கும். நிரல் அதை ஜூன் 1 என்று எடுத்துக்கொண்டால் நல்ல மருந்து ஒரு மாதம் முன்பே ஒதுக்கப்பட்டுவிடும். விதிப்படி அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கொடுக்கலாம்.

பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டித் தருவது நம் கடைகளில் அன்றாடம் நடப்பது. மாத்திரையையே அலகாக வைத்துவிட்டால் 0.6 அட்டை என்ற கூத்து இருக்காது. இன்னொன்று: இருப்பு எண்ணை நேரடியாகத் திருத்தும் வசதியே கூடாது என்பது என் கட்சி. கொள்முதல், விற்பனை, உடைந்தது, டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பிய எக்ஸ்பயரி சரக்கு எல்லாம் தனித்தனி வரியாகப் பதிவாகட்டும். அவற்றைக் கூட்டிக் கழித்து வருவதே இருப்பு. கணக்கு இடித்தால் எந்த வரியில் என்று தேடிப் பிடித்துவிடலாம்.

டாக்டர் எழுதிய சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு மாலையில் வந்து வாங்கிக்கொள்ளும் வசதிக்கு நான்கு நிலை போதும்: சீட்டு வந்தது, மருந்தாளுநர் பார்த்தார், எடுத்துவைத்தாயிற்று, கொடுத்தாயிற்று. இரண்டாவதை மட்டும் எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்காதீர்கள். டாக்டர் கையெழுத்து கிடக்கட்டும், ஒன்றுபோல ஒலிக்கும் மருந்துப் பெயர்களே எத்தனை!

எடுத்துவைத்த மாத்திரை இன்னும் விற்றதும் ஆகாது, விற்பதற்கு உரியதும் ஆகாது. ஒதுக்கீடு என்று தனியாகக் குறிக்காவிட்டால், கவுன்டரில் நிற்பவர் கடைசி அட்டையை வாங்கிப் போய்விடுவார். ஒதுக்கீட்டுக்கு ஒரு கெடுவும் வைக்க வேண்டும். வராதவருக்காகச் சரக்கு முடங்கிக் கிடக்கக் கூடாது. இரண்டு கவுன்டரில் ஒரே நேரத்தில் அதே பேட்ச்சை பில் போட்டால்? இருப்பைப் பார்ப்பதும் கழிப்பதும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள், அந்த பேட்ச்சின் வரியைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

செஃபிக்சிம், அல்பிரசோலம் போன்றவை ஷெட்யூல் எச்1 பட்டியலில் வருபவை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியலுக்கான விதி, மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, கொடுத்த அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. இவை நிரம்பாதவரை ‘கொடுத்தாயிற்று’ பொத்தான் வேலை செய்யக் கூடாது.

மருந்து தயார் என்று அனுப்பும் குறுஞ்செய்தியில் டோக்கன் எண் இருந்தால் போதும். மருந்தின் பெயர் வேண்டாம். வீட்டில் அந்த போனை யார் கையில் எடுப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.