நீர்த்தெள்ளும் நஞ்சின் அளவும்

ஒரு கிருமிநாசினி நீரில் கலந்தால் என்ன நேரும் என்று அறிய, ஆய்வுகூடங்கள் டப்னியா என்னும் நீர்த்தெள்ளை நாடுகின்றன. பாசியை உண்டு மீன்குஞ்சுக்கு இரையாகும் சிற்றுயிர் இது. இதன் உறவினங்கள் நமது குளங்களிலும் உண்டு.

பிறந்து 24 மணித்தியாலம் ஆகாத குஞ்சுகளே எடுக்கப்படும். குறைந்தது ஐந்து செறிவுகளில் நஞ்சைக் கரைத்து, ஒவ்வொன்றிலும் 20 குஞ்சுகளை விடுவர். நஞ்சு கலவாத நீரிலும் அவ்வாறே. உணவு கொடுப்பதில்லை. 48 மணித்தியாலத்தின் பின் பாத்திரத்தை மெல்ல அசைப்பர். 15 செக்கனுக்குள் நீந்தாதது அசைவிழந்ததாகக் கணிக்கப்படும். (இறந்துவிட்டதா என்று பார்ப்பதில்லை, இத்தனை சிறிய உயிரில் அதை நிச்சயிப்பது கடினம்.) நஞ்சில்லா நீரிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் அசைவிழந்தால் சோதனை செல்லாது. பாதிக் குஞ்சுகளை முடக்கும் செறிவே நாம் தேடும் விடை.

குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிநாசினிக்கு அது லீற்றருக்கு ஒரு மைக்கிறோகிராமிலும் குறைவு. அதாவது, பத்து இலட்சம் லீற்றர் நீருக்கு ஒரு கிராமே போதும். தெளிகருவியை வாய்க்காலில் கழுவும்போது நாம் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் இரண்டு நாட் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. குஞ்சு ஈனுவது குறைகிறதா என்றறிய 21 நாட் சோதனை வேறாக உண்டு. களைநாசினியோ தெள்ளைத் தொடாமலே அதன் உணவான பாசியை அழித்துவிடக்கூடும்.