வீட்டினுள் காற்று மாசும் குழந்தை நலமும்

வீட்டினுள் காற்று மாசு என்பது சமையல், வெளிச்சம், குளிர்காய்தல் ஆகிய தேவைகளுக்காக எரிக்கப்படும் விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் வீட்டுக் காற்று கெடுவதைக் குறிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020 ஆம் ஆண்டில் இதனால் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர். அவர்களுள் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

புகையில் இருப்பவை

விறகு முற்றாக எரியுமாயின் கரியமில வாயுவும் நீராவியுமே பெரும்பாலும் எஞ்சும். ஆனால் ஈர விறகும் போதிய காற்றோட்டமற்ற அடுப்பும் அதற்கு இடந்தருவதில்லை. எனவே கார்பன் மோனாக்சைடு, பென்சீன், நுண்துகள்கள் முதலியன வெளிப்படுகின்றன. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை செல்லக்கூடியவை. இவற்றின் அளவு 24 மணிநேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது 2021 இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். விறகடுப்பு எரியும் சமையலறையில் இது பல நூறாக உயர்வது வழக்கம்.

குழந்தைகள் மீதான விளைவு

குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவாக மூச்சு விடுவதால், உடல் எடைக்கு ஒப்பிட மிகுதியான காற்றை உள்ளிழுக்கின்றனர். காற்று நுண்ணறைகளின் பெரும்பகுதி பிறந்த பின்னரே உருவாகின்றது. நோய்க்கிருமிகளை அழிக்கும் விழுங்கணுக்களின் திறனைப் புகை குறைப்பதால் நுரையீரல் அழற்சி எளிதில் பற்றுகிறது. கருவுற்ற தாய் சுவாசிக்கும் கார்பன் மோனாக்சைடு குருதியின் ஈமோகுளோபினுடன் பிணைந்து, கருவுக்குச் செல்லும் ஆக்சிசனைக் குறைக்கிறது.

வீட்டின் அமைப்பும் முக்கியமானது. ஓரறை வீட்டில் குழந்தை உறங்குமிடமும் அடுப்பும் ஒன்றே. ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே ஓரளவு வெளியேறும் புகைக்கு, புகைபோக்கி இன்றிக் கட்டப்படும் காரை வீட்டில் வழியில்லை. ஈரச்சுவரில் வளரும் பூஞ்சை ஆசுத்துமாவைத் தூண்டும். நெரிசலான வீட்டில் இருமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு விரைவில் பரவும்.

அடுப்பை மாற்றிய ஆய்வுகள்

புகை தீயது எனில் அடுப்பை மாற்றினால் நோய் குறைய வேண்டுமல்லவா? இதனை முறையாகச் சோதித்த முன்னோடிகளுள் ஒருவர் கிர்க் ஸ்மித் (1947-2020). குவாத்தமாலாவின் மலைப்பகுதியில், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே சமைக்கும் தாய்மார் வாழும் ஊர்களில், 534 வீடுகளைக் கொண்டு இவரது குழு ஆய்வு நடத்தியது. புகைபோக்கியுள்ள அடுப்பு தரப்பட்ட வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைந்தது. எனினும் 2011 இல் வெளியான முடிவின்படி, மொத்த நுரையீரல் அழற்சியில் உறுதியான குறைவு தென்படவில்லை. ஆக்சிசன் குறையும் கடும் அழற்சி மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மலாவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் மேம்பட்ட விறகடுப்பைக் கொண்டு நடந்த ஆய்வு (2017) எந்த வேறுபாட்டையும் காணவில்லை.

பின்னர் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கருவுற்ற பெண்களிடம் எரிவாயு அடுப்பு சோதிக்கப்பட்டது. இந்தியப் பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம். விறகைத் தொடர்ந்தோருக்கு 71. இருந்தும் பிறப்பு எடையிலோ (2022) ஓராண்டுக்குள் ஏற்படும் கடும் நுரையீரல் அழற்சியிலோ (2024) குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதனைப் "புகையால் தீங்கில்லை" எனப் படிப்பது பிழை. 24 என்பதே ஆண்டுச் சராசரிக்கான வழிகாட்டல் அளவான 5ஐப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஒரு வீட்டில் விறகு நின்றாலும் அடுத்த வீட்டுப் புகையும் குப்பை எரிப்பும் சன்னல் வழியே வருகின்றன. மேலும் நுரையீரல் அழற்சிக்கு ஊட்டக்குறைவு, தடுப்பூசி இன்மை எனப் பிற காரணங்களும் உண்டு.

இந்தியாவில் 2016 இல் தொடங்கப்பட்ட உஜ்வாலா திட்டம் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பை வழங்கியது. ஆயினும் மறு உருளை வாங்க இயலாத வீடுகளில் பால் காய்ச்ச எரிவாயு, வெந்நீர் வைக்கவும் சோறாக்கவும் விறகு என இரண்டு அடுப்புகளும் சேர்ந்தே எரிகின்றன.