முன்னங்காலில் ஒரு பட்டு ஆலை

பட்டுப்புழு வாயிலிருந்து நூல் விடுகிறது. சிலந்தி வயிற்றின் நுனியிலிருந்து விடுகிறது. முன்னங்கால் பாதத்தில் பட்டுச் சுரப்பிகளை வைத்துக்கொண்டு நூற்கும் ஒரு பூச்சி வரிசையும் இருக்கிறது. அதன் பெயர் எம்பியாப்டெரா. இதுவரை நானூறுக்கும் மேற்பட்ட இனங்களே விவரிக்கப்பட்டுள்ளன. வாழ்நாளெல்லாம் இவற்றை ஆராய்ந்த எட்வர்ட் ராஸ், பெயரிடப்படாதவை இன்னும் ஏராளம் என்று கருதினார். மரபணு ஆய்வுகளின்படி இவற்றின் நெருங்கிய உறவு குச்சிப் பூச்சிகள்.

தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் நெருக்கமானது ஒலிகோடோமிடே குடும்பம். இலங்கையின் பெயரையே தாங்கிய அபோஸ்தோனியா சிலோனிகா இதில்தான் வருகிறது. இதே குடும்பத்து ஒலிகோடோமா சாண்டர்சி, சரக்கோடு சரக்காகக் கப்பலேறி வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் குடியேறிவிட்டது. ஆணின் இறக்கையில் சில நரம்புகள் கிளை பிரியாமல் போவது இக்குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் இனத்தை உறுதியாகச் சொல்ல ஆணின் வயிற்று நுனியை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். அங்குள்ள உறுப்புகள் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்த உடல், தானே நூற்கும் பட்டுச் சுரங்கத்தில் வாழ்வதற்கென்றே அமைந்தது. முன்னங்கால் பாதத்தின் முதல் கணு பலூன்போல உப்பியிருக்கும். உள்ளே சுரப்பிகள் நெருக்கமாக அடைந்திருக்கும். அடிப்பக்கத்து நுண்முடிகள் வழியே இழைகள் வெளிவரும். பூச்சி இரு கால்களையும் மாற்றி மாற்றித் தடவ, தலைக்கு மேலே பட்டுக் கூரை எழும்புகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கே இந்த வேலை தெரியும். எதிரி வந்தால் திரும்ப இடமில்லை. பின்னங்கால் தொடையின் பருத்த தசைகளால் அது பின்வாக்கிலேயே விர்ரென்று ஓடும். அப்போது ஆணின் மெத்தென்ற இறக்கைகள் முன்பக்கமாக மடங்கிக்கொள்ளும். பறக்கும்போது உடல் திரவம் நரம்புகளில் ஏறி அவற்றை விறைப்பாக்கும். பெண்ணுக்கு இறக்கையே இல்லை.

வளர்ந்த ஆண் உண்பதில்லை. அதன் தாடைகள் இணைசேரும்போது பெண்ணின் தலையைப் பற்றிக்கொள்ளத்தான். பெண்ணோ முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் காவலிருக்கிறது. பூச்சியுலகில் இப்படிப்பட்ட தாய்மை அரிது.

மரப்பட்டை, பாறை இடுக்கு, கல்லடி, சருகுக் குவியல் ஆகியவையே இவற்றின் வாழிடம். பாசியும் லைக்கனும் காய்ந்த இலையும் பட்டைத் துணுக்கும் உணவு. இரை தீர்ந்தால் சுரங்கத்தை அடுத்த இடத்துக்கு நீட்டிக்கொள்ளும்.

மா, முருங்கை வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டையில் எச்சமும் மரத்தூளும் ஒட்டிய அழுக்கு நாடா தெரிந்து, பக்கத்தில் துளையும் இருந்தால் அது பட்டை தின்னும் புழுவின் வேலை. அதற்கு மருத்துவம் தேவை. துளையின்றி, மெல்லிய வெண்பட்டுக் குழாய்கள் மட்டும் பட்டையோடு ஒட்டிக் கிளைத்திருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்தப் பூச்சியாக இருக்கலாம். மரத்துக்குத் தீங்கில்லை, மருந்து அடிக்காதீர்கள்.