‘கடவுச்சொல்லைச் சேமிக்கவா?’ – கணினி கேட்டால் என்ன சொல்வது?

மாணவர்களே, பள்ளிக் கணினி அறையில் டெலிமாவுக்குள் நுழைய உங்கள் கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். உடனே திரையின் மேல்பக்கத்தில் ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்க்கிறது: “கடவுச்சொல்லைச் சேமிக்கவா?” பலர் படித்துப் பார்க்காமலேயே ‘சேவ்’ என்பதை அழுத்திவிடுகின்றனர். சில கணினிகளில் இந்தப் பெட்டி வருவதே இல்லை. சிலவற்றில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஏன் இப்படி?

கேட்பது யார்?

கேட்பது நீங்கள் நுழையும் இணையத்தளம் அல்ல. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிதான். கடவுச்சொல்லுக்கான கட்டம், பக்கத்தின் நிரலில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். எழுத்துகள் புள்ளிகளாகத் தெரிவதும் அக்குறியால்தான். அதை வைத்து உலாவி கட்டத்தை அடையாளம் காண்கிறது. நீங்கள் சம்மதித்தால் தள முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சேமித்துக்கொள்கிறது.

மூன்று சிக்கல்கள்

1. பெட்டி வரவே இல்லை. முன்பு யாராவது ‘நெவர்’ என்பதை அழுத்தியிருக்கலாம். அந்தத் தளம் ‘கேட்க வேண்டாம்’ பட்டியலில் சேர்ந்துவிடும். உலாவியின் அமைப்புகளில் கடவுச்சொல் பகுதிக்குச் சென்று அப்பெயரை நீக்கினால் மீண்டும் கேட்கும். சேமிக்கும் வசதியே அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

2. ‘மாற்றவா?’ என்று கேட்கிறது. நீங்கள் தட்டியதும் உலாவி வைத்திருப்பதும் வேறு வேறு என்று பொருள். சம்மதித்தால் உலாவியின் குறிப்பு மட்டுமே மாறும். இணையத்தளத்தில் உள்ள கடவுச்சொல் மாறாது.

3. சேமித்தும் தானாக நிரப்பவில்லை. முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உலாவி பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. அசல் போலவே தோன்றும் போலித் தளத்தில் அது நிரப்பாது.

பொதுக் கணினியில் ஆபத்து

விண்டோஸ் கணினியில் குரோமும் எட்ஜும் கடவுச்சொற்களைப் பூட்டித்தான் வைக்கின்றன. ஆனால், அப்பூட்டின் சாவி கணினியின் பயனர் கணக்கோடு இணைந்தது. கணினி அறையில் எல்லாரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால், சாவியும் எல்லாருக்கும் ஒன்றே. அடுத்து அமர்பவர் உங்கள் பெயரில் உள்ளே நுழைந்துவிடலாம். உலாவியில் நண்பர் ஒருவர் தம் கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் சேமிக்கும் கடவுச்சொல் அவருடைய கணக்கில் சேர்ந்து, அவர் கைப்பேசி வரை போகவும் கூடும்.

எனவே பள்ளியிலும் நூலகத்திலும் ‘சேவ்’ வேண்டாம். மறைநிலைச் சாளரத்தைப் பயன்படுத்துங்கள்; வேலை முடிந்ததும் வெளியேறி, சாளரங்கள் அனைத்தையும் மூடுங்கள். ஏற்கெனவே சேமித்திருந்தால், உலாவியிலிருந்து நீக்கியதோடு நிற்காமல் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நீக்குவதற்கு முன்பே யாராவது பார்த்திருக்கலாம் அல்லவா?

பழைய கதை

கணினியில் கடவுச்சொல் வந்ததே பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டதால்தான். 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் அத்தகைய முறையை இயக்கிக் காட்டினர். ஒருவர் கோப்பை இன்னொருவர் திறக்காதிருக்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்!

நம் நாட்டில் இன்று, பிறர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

வீட்டில் உங்களுக்கே உரிய, பூட்டு வைத்த கணினியில் சேமிப்பது நல்லதுதான். நினைவில் வைக்கும் கவலையின்றி ஒவ்வொரு தளத்திற்கும் நீளமான, வெவ்வேறு கடவுச்சொல் வைக்கலாம். அடுத்த முறை அந்தப் பெட்டி வந்தால் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்?