ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பின் அச்சும் பிரேக்கும்

சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார் இது. பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும்; இரண்டுக்கும் குறுக்கே ஒரே ஸ்பிரிங் பட்டை. வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, டயரின் பிடி தளரும். வளைந்து ஏறி இறங்கும் சாலைகளில் இது ஆபத்து. 1972-ல் அதே நிறுவனம் கொண்டுவந்த கெஸல் மாடலில் பின்சக்கரங்கள் ஒரே உறுதியான அச்சில் இணைந்தன. அந்த மடங்கல் நின்றது.

அடுத்தது பிரேக். இறக்கத்தில் விடாமல் மிதித்தால் டிரம் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக் காற்றுப்பட்டு விரைவில் ஆறும். இந்தக் காரின் மூலமான பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டில், 12/50 மாடலில் 1963-லேயே முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்துவிட்டது.

பழைய கார் வைத்திருப்போரே, இன்ஜினுக்கு முன்பே பிரேக்கைக் கவனியுங்கள். டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றினால், கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள்.