ரத்தத்தில் ஓர் எழுத்துப்பிழை!

சிவப்பணுவை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறீர்களா? மெதுவடை தட்டும்போது நடுவில் விரலால் அழுத்தி, ஓட்டை விழாமல் விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கும். வழவழவென்று, நெகிழ்வாக. தன்னைவிடக் குறுகலான ரத்தக் குழாயில்கூட உடம்பைச் சுருட்டிக்கொண்டு நுழைந்து வெளியே வந்துவிடும். சுமார் 120 நாட்கள் இப்படி ஊர் சுற்றிவிட்டுத்தான் அதன் ஆயுள் முடியும்.

சிலருடைய ரத்தத்தில் மட்டும் இந்த வடை, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது. அரிவாள் செல் சோகை என்கிறார்கள். டாக்டர்கள் பேச்சில் 'சிக்கிள் செல்'. வளைந்த அணு நெகிழாது, விறைத்து நிற்கும். குறுகலான குழாயில் நாலைந்து மாட்டிக்கொண்டால் போச்சு, பின்னால் வருகிற ரத்தம் அப்படியே நின்றுவிடும். பிராணவாயு கிடைக்காத இடம் வலியில் துடிக்கும். கை, கால், முதுகு, நெஞ்சு, எங்கே வேண்டுமானாலும் வரலாம். 'வளர்ற பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும்' என்று தைலம் தடவிவிட்டு விட்டுவிடக்கூடிய வலி அல்ல இது. சிலருக்கு ஊசி மருந்து போட்டு ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுக்க வைத்தால்தான் அடங்கும். மண்ணீரல் கெட்டுப்போகும். அதனால் கிருமித் தொற்று சுலபமாகத் தாக்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் பக்கவாதம் வரலாம். அரிவாள் அணுக்கள் பத்து இருபது நாளிலேயே உடைந்து போவதால் சோகை வேறு, கண்ணில் மஞ்சள் வேறு.

இத்தனை பாட்டுக்கும் காரணம் ஒரே ஒரு எழுத்து. 'பள்ளி'யில் 'ள்' போய் 'ல்' வந்தால் 'பல்லி' ஆகிவிடுகிறது இல்லையா? அதே கதைதான். நம் மரபணுத் தொகுப்பு ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துக்களால் ஆன சுமார் 300 கோடி எழுத்துப் புத்தகம். அதில் ஹீமோகுளோபின் செய்வதற்கான குறிப்பில், 'ஏ' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' விழுந்துவிட்டது. விளைவு? ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது மணி மாறிப்போகிறது. குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலைன் உட்கார்ந்துவிடுகிறது. முன்னது தண்ணீரோடு ஒட்டும் ஜாதி. பின்னது எண்ணெய் மாதிரி தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற ஜாதி. பிராணவாயுவை இறக்கிவிட்டு வெறுங்கையாகத் திரும்பும்போது, இந்த எண்ணெய்ப் பிசுக்கு இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீள நீளக் கயிறுகளாகத் திரிகின்றன. அந்தக் கயிறு உள்ளிருந்து நெம்புவதால்தான் அணு வளைகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. கயிறு எவ்வளவு தடிமனாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கண்டுபிடித்த கதை ஒரு நூற்றாண்டு நீளம். கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் இந்த விசித்திர அணுக்கள் இருப்பதை 1910-ல் டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் எழுதினார். 1949-ல் லைனஸ் பாலிங்கின் குழு, நோயாளியின் ஹீமோகுளோபின் மின்சாரப் புலத்தில் வேறு மாதிரி நகர்வதைக் காட்டி, 'இது மூலக்கூறு நோய்' என்று பெயர் வைத்தது. ஒரு நோய்க்குக் காரணம் ஒரு மூலக்கூறின் கோளாறுதான் என்று விரல் வைத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்க்ரம் அந்த ஆறாவது மணியையே பிடித்துவிட்டார்.

சரி, இவ்வளவு பொல்லாத பிழையை இயற்கை ஏன் அழிக்காமல் விட்டுவைத்தது? நியாயமான கேள்வி. 1954-ல் ஆண்டனி அலிசன் பதில் சொன்னார்: மலேரியா! அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் வெறும் 'சுமப்பவர்'. பெரும்பாலும் ஆரோக்கியமாகவே இருப்பார். போனஸாக, உயிரைக் குடிக்கிற கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆகவே மலேரியா கொசு ஆட்சி செய்த ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியக் காடுகள் என்று பல இடங்களில் இந்தப் பிழை தங்கிவிட்டது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் இந்த அணுக்கள் முதலில் பதிவானது 1952-ல், நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டு எழுதினார்கள். இன்றும் நீலகிரி, வயநாடு தொடங்கி மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், குஜராத், ஒடிசா வரை பழங்குடி மக்களிடம் இது அதிகம். அவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களிடமும் இருக்கிறது.

இனிமேல்தான் சுவாரஸ்யம். இந்த நோயோடு பிறக்கிற குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். ஏன்? நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் 1948-லேயே இதைக் கவனித்தார். வயிற்றில் இருக்கும் குழந்தை, அம்மாவின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்தாக வேண்டும். அதற்காக அதனிடம் தனி ரக ஹீமோகுளோபின் இருக்கிறது. கரு ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். அது வேறு மரபணுவிலிருந்து வருவது, அதில் பிழை இல்லை. பிறந்த பிறகு சில மாதங்களில் அந்த ரகத்தின் உற்பத்தியை உடம்பு அநேகமாக நிறுத்திவிட்டு, பெரியவர்கள் ரகத்துக்கு மாறுகிறது. அப்போதுதான் பிழை தலைகாட்டுகிறது. சிலருக்குப் பெரியவர்களான பிறகும் கரு ஹீமோகுளோபின் நிறைய இருப்பதுண்டு. அவர்களுக்கு நோயின் உக்கிரம் குறைவு.

அப்படியானால், நின்றுபோன பழைய கடையைத் திரும்பத் திறந்தால் என்ன? கடையைப் பூட்டியது யார் என்று தெரியாமல் அறுபது ஆண்டுகள் ஓடின. 2008-ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் விஜய் சங்கரனும் அவர்களது குழுவினரும் ஆளைப் பிடித்தார்கள். பெயர் பி.சி.எல்.11ஏ. கரு ஹீமோகுளோபினை அடக்கி வைப்பது இந்த மரபணுதான்.

பூட்டு தெரிந்தது. உடைக்கக் கருவி? அது வந்த வழியைக் கேட்டால் சிரிப்பீர்கள். தயிர்! பாக்டீரியாக்களுக்கும் வைரஸ் தொல்லை உண்டு. தயிர், சீஸ் தயாரிக்கும் பாக்டீரியாவை வைரஸ் தாக்கினால் தொழிற்சாலைக்கு நஷ்டம். தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்கள், தாக்கிய வைரஸின் மரபணுத் துண்டைப் போலீஸ் ஸ்டேஷனில் கேடி போட்டோ ஒட்டுகிற மாதிரி தங்கள் மரபணுவுக்குள் ஒட்டி வைத்திருந்தன. அடுத்த தடவை அதே ஆள் வந்தால், போட்டோவைப் பார்த்து அடையாளம் கண்டு கத்தரித்துவிடும். உப்பளத்து நுண்ணுயிரிகளில் இந்த விசித்திர வரிசைகளை ஸ்பெயினின் பிரான்சிஸ்கோ மொஹிகா 1990-களிலேயே கவனித்திருந்தார். தயிர் பாக்டீரியாவில் இது உண்மையிலேயே பாதுகாப்புக் கருவிதான் என்று 2007-ல் நிரூபணமானது. 2012-ல் எம்மானுவெல் ஷார்பான்டியே, ஜெனிபர் டௌட்னா என்ற இரு பெண்மணிகள், 'போட்டோவை மாற்றி வைத்தால் நாம் சொல்கிற இடத்தில் கத்தரிக்கும்' என்று காட்டினார்கள். அதுதான் கிறிஸ்பர் கத்தரிக்கோல். 2020-ல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. உப்பளத்தையும் தயிரையும் ஆராய்ந்தவர்களிடம் 'இதனால் என்னய்யா பிரயோஜனம்?' என்று யாராவது கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டையும் சேர்த்தார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: எழுத்துப்பிழையை யாரும் திருத்தவில்லை. அது இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. பி.சி.எல்.11ஏ வேலை செய்ய, சிவப்பணு உருவாகும் செல்களில் மட்டும் ஒரு தனி ஸ்விட்ச் உண்டு. அதைத்தான் கத்தரிக்கிறார்கள். மற்ற உறுப்புகளில் அந்த மரபணுவுக்கு வேறு வேலை இருப்பதால் அங்கே கை வைப்பதில்லை. வீடு முழுக்க மெயினை அணைக்காமல் ஓர் அறையின் ப்யூஸை மட்டும் பிடுங்குகிற கெட்டிக்காரத்தனம். பூட்டுக்காரன் தூங்கிவிட, கரு ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது.

சொல்வது சுலபம். நோயாளி படும் பாடு வேறு. முதலில் ரத்தத்திலிருந்து மூலச் செல்களைப் பிரித்தெடுப்பார்கள். சிலருக்கு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டிவரும். அவற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கத்தரித்து, பரிசோதித்துத் திருப்பி வாங்க மாதக்கணக்கில் ஆகும். பிறகு புற்றுநோய்க்குக் கொடுப்பது மாதிரியான கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்வார்கள். முடி கொட்டும், வாய் புண்ணாகும். குழந்தை பெறும் சக்தி போய்விடும் அபாயமும் உண்டு. அதற்கப்புறம்தான் திருத்திய செல்களை ஏற்றுவார்கள். அவை வேர் பிடிக்கும்வரை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம்.

அமெரிக்காவில் இந்த நோய்க்காக முதன்முதலில் இந்தச் சிகிச்சை பெற்றவர் விக்டோரியா கிரே என்ற மிசிசிப்பிக்காரர். நான்கு குழந்தைகளின் தாய். 2019-ல் செல்கள் ஏற்றப்பட்டன. அதற்குமுன் ஆஸ்பத்திரியே கதி என்று இருந்தவர், 2023-ல் லண்டன் மாநாட்டு மேடையில் நின்று தன் கதையைச் சொன்னார். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பர் 8-ம் தேதி அமெரிக்காவும் 'காஸ்கெவி' என்ற பெயரில் இதை அனுமதித்தன; 12 வயது முடிந்தவர்களுக்கு. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓர் ஆண்டாவது கடும் வலித் தாக்குதல் வரவே இல்லை. விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அப்போதைய கணக்கில் சுமார் 18 கோடி ரூபாய்! மூச்சு முட்டுகிறதா? நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விஞ்ஞானம் ஜெயித்த இடத்தில் வியாபாரம் வாசலை மறித்து நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் சும்மா இருக்கவில்லை. டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். மரபணு ஆய்வு நிறுவனம் உள்நாட்டிலேயே கிறிஸ்பர் சிகிச்சையை உருவாக்கி வருகிறது. 2025 நவம்பரில் அதற்கு, பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக 'பிர்சா 101' என்று பெயர் சூட்டி அறிவித்தார்கள். விலையைப் பெருமளவு குறைப்பதுதான் நோக்கம்.

'சிகிச்சை எடுத்தவரின் குழந்தைக்கு நோய் வராதே?' என்று கேட்பீர்கள். வரலாம்! கத்தரித்தது ரத்தம் ஊறும் செல்களில் மட்டும். விந்து, சினைமுட்டையில் பழைய பிழை அப்படியே இருக்கிறது.

ஆக, இன்றைக்கு நம் கைக்கு எட்டுவது என்ன? ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை. இதுவும் கரு ஹீமோகுளோபினை ஓரளவு கூட்டும் மருந்துதான். வலித் தாக்குதலைக் குறைக்கும். டாக்டர் சொன்னபடி, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு சாப்பிட வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குப் பென்சிலினும் தடுப்பூசிகளும் உயிர் காக்கும். தண்ணீர் நிறையக் குடிக்கணும், குளிரில் நனையக்கூடாது, காய்ச்சல் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கவே கூடாது. சோகைதானே என்று நீங்களாகவே இரும்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். இது இரும்புக் குறைவால் வந்த சோகை அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரும்பு உடம்பில் சேர்ந்து கெடுதலே செய்யும். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் மஜ்ஜை மாற்று சிகிச்சையும் உண்டு. ஆனால் ஓர் உடன்பிறப்பு பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான்.

2023 ஜூலை 1-ல் மத்திய அரசு ஒரு தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. 7 கோடி பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது இலக்கு. சுமப்பவர்கள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு, இரண்டு பங்கு சுமப்பவருக்கு, ஒரு பங்கு எந்தப் பிழையும் இல்லாத குழந்தைக்கு. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது' என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. சுமப்பவர் ஒருவர், பிழை இல்லாதவர் ஒருவர் என்றால் நோய் வராது. ஆனால் மற்றவர் தலசீமியா சுமப்பவராக இருந்தால் அதுவும் வில்லங்கம்தான். பிழை ஒரே குடும்பத்தில் ஓடுவதால் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அபாயம் கூடுகிறது.

எனவே குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், ஜாதகம் பார்க்கிற கையோடு இருவருடைய ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். விரலில் ஒரு சொட்டு எடுத்துச் செய்கிற எளிய சோதனை முதலில். அதில் சந்தேகம் வந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் இன்னொரு சோதனை. வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும், முடிவு மாறாது. இருவருமே சுமப்பவர்கள், கர்ப்பமும் தரித்தாகிவிட்டது என்றால், சிசுவைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. அதற்குக் கர்ப்பத்தின் மூன்றாவது மாதமே சரியான நேரம். தள்ளிப் போடாமல் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.