றொஸ்கில்டே நகரும் ஐந்து மரக்கலங்களும்

வரலாறென்பது முன்னோர் கூறியதைக் கேட்டு நம்புவதோ, அன்றி ஆராய்ந்து தெளிவதோ என்னும் வினா மாணவர் உள்ளத்தில் எழுதல் இயல்பு. இவ்வினாவுக்குச் சொற்களாலன்றிப் பொருள்களால் விடையிறுக்கும் நகரம் ஒன்று டென்மார்க்கு நாட்டில் உண்டு. அதன் பெயர் றொஸ்கில்டே. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரைக் கண்டுவரும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. ஆங்குக் கண்டனவற்றுள் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்தரத்தக்க சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

தலைநகராகிய கொப்பன்கேகனுக்கு மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில் றொஸ்கில்டே உள்ளது. இவ்விரு நகரங்களையும் இணைத்து 1847இல் போடப்பட்ட புகையிரதப் பாதையே இன்றைய டென்மார்க்கின் முதற் பாதையாகும். அரை மணி நேரத்தில் சென்று விடலாம். கோடையில் ஞாயிறு மறைய இரவு பத்து மணியாகிவிடுமாதலின், ஊர் பார்ப்போர்க்கு நாள் குறுகியதென்ற குறை இல்லை. நிலத்தினுள் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் கடற்கழி ஒன்றின் தென்கோடியில் நகரம் அமைந்துள்ளது. கழியோரத்தில் மரக்கல நூதனசாலையும், மேட்டில் பெருந்தேவாலயமும் உள்ளன.

செங்கல்லாலான அத்தேவாலயத்தின் கட்டட வேலை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிற்று. அரசரும் அரசியருமாக ஏறத்தாழ நாற்பதின்மர் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். 1995இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. அதனுள் தூண் ஒன்றில், வந்துசென்ற மன்னர்களின் உயரங்கள் குறிக்கப்பட்டுள்ளன. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கிறித்தியான் 219 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட உயரமுடையவர் என்கிறது தூண். அவருடைய என்புகளை அளந்தோரோ அவர் 188 சென்ரிமீற்றர் அளவினரே என்றனர். கல்லிலே பொறித்ததாயினும் சான்றோடு ஒத்துப் பார்த்த பின்னரே கொள்ளத்தக்கது என்பதற்கு அத்தூண் ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஈழநாட்டவராகிய நாம் நின்று நோக்கவேண்டிய கல்லறையும் ஒன்று அங்குண்டு. அது 1648இல் இறந்த நான்காம் கிறித்தியான் மன்னருடையது. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையோரங்களை ஆண்ட காலத்தில், 1618இல், ஓவே கெட்டே என்பவரின் தலைமையிலே கீழ்த்திசைக்குக் கப்பற்படையை அனுப்பியவர் இவரே. அப்படை 1620இல் இலங்கையை அடைந்து, கண்டியரசன் செனரத்துடன் உடன்படிக்கை பேசித் திருகோணமலையில் காலூன்ற முயன்றது. அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆயினும் அதே ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்ற தேனியர், 1845 வரை அதனைத் தம்வசம் வைத்திருந்தனர்.

இனி, மரக்கலங்களின் செய்திக்கு வருவாம். றொஸ்கில்டேக்கு வடக்கே 20 கிலோமீற்றர் அளவில், ஸ்கூல்தலேவ் என்னும் சிற்றூருக்கு அண்மையில், கழியின் அடியிலே பழங்கப்பல் ஒன்று கிடப்பதை மீனவர் வழிவழியாக அறிந்திருந்தனர். அது மார்கிறேட் அரசியின் காலத்தில் ஆழ்த்தப்பட்டதென்பது அவர்கள் கூற்று. 1412இல் இறந்த அவ்வரசியின் கல்லறையும் மேற்கூறிய தேவாலயத்திலேயே உள்ளது. இக்கூற்றைக் கட்டுக்கதையென்று தள்ளிவிடாமலும், உண்மையென்று அப்படியே கொள்ளாமலும், ஆராய்ச்சியாளர் 1957 முதல் நீரில் மூழ்கித் தேடினர். 1962இல் அவ்விடத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளால் அணை கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி, அகழ்வை நடத்தினர். ஒரு கப்பலன்று, ஐந்து கப்பல்கள் வெளிப்பட்டன. அவை மார்கிறேட் அரசிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட வைக்கிங் காலத்தவை. 1070ஆம் ஆண்டளவில், பகைவரின் படை நகரை அணுகாதவாறு, கற்களை ஏற்றி நீர்வழிக்குக் குறுக்கே அவற்றை ஆழ்த்தியிருந்தனர். மீனவர் கூற்றில் கப்பல் உண்மை, ஆழ்த்தியதும் உண்மை, காலம் மட்டுமே பிழை.

ஐந்தும் ஒரேவகையின அல்ல. ஒன்று பெருங்கடல் கடக்கும் வணிகக் கலம். ஒன்று கரையோர வணிகத்துக்குரியது. ஒன்று மீன்பிடிக்கு உதவிய சிறுகலம். ஏனைய இரண்டும் போர்க்கலங்கள். இவற்றுள் பெரிய போர்க்கலம் 30 மீற்றர் நீளமுடையது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்புநோக்கியபோது, அது 1042ஆம் ஆண்டளவில் அயர்லாந்தின் டப்ளின் நகர்ப் பகுதியில் வெட்டப்பட்ட ஓக் மரங்களால் ஆயதென்று தெரியவந்தது. எழுத்துச் சான்று ஒன்றுமின்றி, பலகையே தன் ஊரையும் பிறந்த ஆண்டையும் கூறிற்று.

நூதனசாலையிற் கப்பல்களுக்கு இடப்பட்ட எண்களை நோக்குவோர் வியப்புறுவர். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்பனவே அவ்வெண்கள், நான்கு இல்லை. தொடக்கத்தில் தனிக் கப்பலென எண்ணி நான்கு என்று எண்ணிட்டது, பின்னர் இரண்டாவது கப்பலின் ஒரு பகுதியென அறியப்பட்டது. அறிஞர்கள் எண்களை மாற்றித் தம் பிழையை மறைக்கவில்லை. கண்காட்சியும் அத்தகைய நேர்மையுடையதே. ஆயிரக்கணக்கான துண்டுகளாய் எடுத்த ஈரமரம் உலர்ந்தால் சுருங்கிச் சிதையுமாதலின், நீருக்குப் பதிலாக மெழுகு போன்ற பொலி எத்திலீன் கிளைக்கோலை மரத்தில் ஊறவைத்துக் காத்தனர். 1969இல் திறக்கப்பட்ட மண்டபத்தில், இரும்புச் சட்டங்களின்மேல் அத்துண்டுகளைப் பொருத்தி வைத்தனர். அழிந்துபோன பகுதியில் புதுமரம் புனையாது வெறுஞ் சட்டத்தையே விட்டமையால், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதைச் சிறுவரும் கண்டறியக் கூடியதாயிருந்தது.

இத்துடன் அவர்கள் அமைந்துவிடவில்லை. இக்கலங்களில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிய அடுக்கி இரும்பாணியால் இறுக்கப்பட்டவை; மரத்தைப் பிளந்து கோடரியால் செதுக்கிய பலகைகளே அன்றி வாளால் அறுத்தவை அல்ல. அம்முறையிலேயே டப்ளின் கலத்தின் மறுபடிவத்தை 2000 முதல் 2004 வரை நூதனசாலைத் தச்சர் கட்டினர். 2007 யூலை முதலாம் நாள் றொஸ்கில்டேயிலிருந்து புறப்பட்ட அக்கலம் ஆகஸ்ட் 14இல் டப்ளினை அடைந்தது. காற்று வாய்க்காமையால் வடகடலில் ஒரு பகுதியைத் துணைக்கப்பல் இழுத்துச் செல்லவே கடந்தது என்பதையும் அவர்கள் மறையாது கூறுகின்றனர். குளிரும் ஈரமும் பொறுத்துச் சென்ற மாலுமிகள், ஏடுகளில் கிடையாத பல செய்திகளைத் தம் உடலால் அறிந்து வந்தனர். இத்தகைய படகு கட்டும் வட நாட்டு மரபினை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலிற் சேர்த்தது.

இன்னொன்றும் கூறவேண்டும். 1996, 1997ஆம் ஆண்டுகளில் நூதனசாலையை விரிவாக்கக் கரையைத் தோண்டியபோது மேலும் ஒன்பது கப்பல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 37 மீற்றர் நீளமுடையது. காக்கும் பணியோ ஒருநாளும் முடிவதன்று. 2013 டிசெம்பரில் வீசிய புயலில் கழிநீர் உயர்ந்து மண்டபச் சுவரை மோதிற்று. கப்பல்களைக் காத்த நீரே அவற்றுக்குப் பகையாயிற்று.

மாணவர்களே, கேள்வியால் பெற்றதை இகழாதீர். ஆயினும் ஆராயாது கொள்ளாதீர். பிழை தெரிந்தால் எண்ணை மாற்றி மறைக்காது, தெரிந்தவாறே எழுதி வையுங்கள். மீனவர் சொல்லைச் செவிமடுத்தவர்கள் இருந்தமையாலேயே அக்கப்பல்கள் வெளிவந்தன. அச்சொல்லை அளந்து பார்த்தவர்கள் இருந்தமையாலேயே அவற்றின் உண்மைக் காலம் விளங்கிற்று.